உப்பளமும் வலைப்பக்கமும்

புத்தளம் கடலோரத்தின் பெயர்பெற்ற விளைபொருள் உப்பு. பாத்தி கட்டி உவர்நீரைப் பாய்ச்சிவிட்டால், எஞ்சிய வேலையை வெயிலும் காற்றும் செய்துவிடும். முறை எளியது, ஆதலாலேயே நெடுங்காலம் நிலைத்தது.

வலைப்பக்கத்தின் தொடக்கமும் இத்தகையதே. 1989ஆம் ஆண்டில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பேர்னர்ஸ் லீ என்பார் உலகளாவிய வலையை முன்மொழிந்தார். அதற்கென அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் தொடக்கத்தில் ஏறத்தாழ இருபது குறிகளே இருந்தன. தலைப்பு இது, பந்தி இது, இணைப்பு இது என்று அவை காட்டின. அன்றெழுதிய பக்கம் இன்றைய உலாவியிலும் திறக்கின்றது.

தமிழரும் இவ்வெளிமையால் பயனடைந்தனர். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலிய ஆர்வலர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். பல நாட்டுத் தன்னார்வலர் தட்டெழுதிய இலக்கியங்கள் எளிய பக்கங்களாக விலையின்றி வெளிவந்தன. பின்னர் எழுத்துக் குறியீடு ஒருங்குறிக்கு மாறியபோதும் அவ்வெளிமை நீங்கவில்லை.

பேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட் போன்ற பெருங் கருவித்தொகுதிகள் சிக்கலான செயலிகளுக்குப் பெரிதும் உதவுவன. ஆயினும், ஒரு சிற்றறிவித்தலையும் அவற்றாற் கட்டினால், எழுத்துத் தோன்றுமுன்னரே பெருஞ்சுமையான நிரலை வாசகரின் கைத்தொலைபேசி இறக்கி இயக்க நேரிடும். உடப்பிலோ கற்பிட்டியிலோ, அலைத்தொடர்பு மெலிந்த வேளையில், படகைத் தள்ளுமுன் கடல் எச்சரிக்கையைத் தேடும் மீனவருக்கு அத்தாமதம் சிறிதன்று. அவருக்கு வேண்டுவது நான்கு வரி; அதனைத் தர எளிய பக்கமே போதும்.