சக்திமான் லாரியும் ஊர் மெக்கானிக்கும்

ஒரு தலைமுறைக்கு ராணுவ லாரி என்றாலே சக்திமான்தான். ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, வி.கே.கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1959-ல் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் இதன் தயாரிப்பு தொடங்கியது. 1969-ல் அதே ஊரில் தனியாக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1996 வரை சக்திமான் உருவானது. பிறகு அதன் இடத்தை அசோக் லேலண்டின் ஸ்டாலியன் பிடித்துக்கொண்டது.

ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகள் ஏலத்துக்கு வரும். வடகிழக்கு மலைகளில் மரத்தடி ஏற்ற ஏலத்தில் எடுத்த சக்திமான்கள் நெடுங்காலம் ஓடின. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக அதன் மதிப்பு சொற்பம்தான். ஆனால் வாங்கியவருக்கு உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்!

அப்படி ஒரு வண்டி சிதறால் பக்கம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேர் என்றால் பக்கத்திலுள்ள மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்குள்ள மெக்கானிக் டாடா, லேலண்ட் வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுபவராக இருக்கலாம். சிக்கலே அந்த அனுபவத்தில்தான் இருக்கிறது.

வழக்கமான லாரி என்ஜினில் டீசல் பூம்புகையாகச் சிதறிக் காற்றோடு கலக்க வேண்டும். பிஸ்டன் சுவரில் டீசல் பட்டால் அது கோளாறு. சக்திமான் என்ஜினோ இதற்கு நேர்மாறானது. மான் நிறுவனத்தின் பொறியாளர் சீக்ஃப்ரீட் மொய்ரர் 1950-களில் உருவாக்கிய முறை அது. பிஸ்டன் தலையில் உருண்டையான ஒரு குழி இருக்கும். நாசில் டீசலை அந்தக் குழியின் சுவரிலேயே பாய்ச்சும். சுவரின் சூட்டில் டீசல் மெல்ல ஆவியாகி எரியும். அதனால் சத்தம் குறைவு. டீசல் அல்லாத சில எரிபொருள்களிலும் ஓட்டலாம். போர்க்காலத்தில் கிடைத்ததை ஊற்றி ஓட்ட வேண்டிய ராணுவத்துக்கு இது பெரிய வசதி.

இது தெரியாதவர் என்ன செய்வார்? காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை வரும். சுவர் இன்னும் சூடாகவில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் பழக்கப்பட்ட கண் ரிங் போய்விட்டது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நினைத்து என்ஜினைப் பிரித்துவிடும். நாசில் பீய்ச்சும் கோணத்தைப் பார்த்துவிட்டு வேறு நாசிலை மாட்டினால் போச்சு, புகை இன்னும் கூடும்!

ராணுவத்தில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் இ.எம்.இ. படைப்பிரிவு. 1943-ல் தொடங்கிய இந்தப் பிரிவு வண்டிகளைப் பழுது பார்ப்பதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவிக்கிறது. கையேடு, கருவி, உதிரி பாகம், பழகிய கை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஏலத்திலோ வண்டி மட்டும்தான் கிடைக்கும்.

இந்த உண்மையைத் திருவிதாங்கூர் அரசு முன்பே புரிந்து வைத்திருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று அந்த எல்லைக்குள்தான் இருந்தது. 1938 பிப்ரவரி 20-ல் அரசு பஸ் போக்குவரத்து தொடங்கியபோது கோமர் சேஸிகளும் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ.ஜி.சால்ட்டர் பொறுப்பேற்றுவிட்டார். பஸ்ஸின் பாடிகள் அவர் மேற்பார்வையில் இங்கேயே கட்டப்பட்டன. இயந்திரத்துக்கு முன்னால் விஷயம் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

தனி ஒருவரால் லண்டனிலிருந்து ஆள் கூப்பிட முடியாதுதான். ஆனால் குமரி மாவட்டத்தில் முன்னாள் ராணுவத்தினருக்குக் குறைவில்லை. அவர்களில் இ.எம்.இ.யில் சக்திமானைக் கழற்றி மாட்டியவர் ஒருவர் கிடைத்தால், மெக்கானிக்கோடு அவரையும் உட்கார வைக்கலாம். பிரிப்பதற்கு முன் என்ஜின் சூடேறும்வரை ஓடவிட்டுப் புகையைப் பார்க்கச் சொல்லலாம். கழற்றிய நாசிலின் எண்ணைக் குறித்து வைத்து அதையே தேடலாம். மெக்கானிக்கிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லாமல், "இந்த வண்டி வேற மாதிரி அண்ணே" என்று பேச்சை ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்று அவர் கற்றுக்கொள்வது அந்தப் பட்டறையில் அடுத்த பையனுக்கும் போய்ச் சேரும்.