பம்பாய் நகரமும் வீட்டு வாடகையும்

ஒரு வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் என்பதே பொது வழக்கு. ஒரே வீட்டுக்கு இருவர் பாத்தியதை கொண்டாடும் விந்தையை இன்று மும்பை என வழங்கும் பம்பாய் மாநகரில் பரக்கக் காணலாம். இவ்விந்தை தோன்றிய வரலாறு அறியத்தக்கது.

ஏழு தீவுகளை இணைத்து எழுந்த நகரம் பம்பாய். கடல் சூழ்ந்த அந்நகரில் மக்கள் பெருகிய அளவுக்கு நிலம் பெருகவில்லை. பஞ்சாலைத் தொழிலாளர், ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருக்கமாக வாழ்ந்தனர். 1896இல் கொள்ளைநோய் பரவியது. 1898இல் நகர அபிவிருத்திக்கென ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. அது வகுத்த தாதர், மாதுங்கா பகுதிகளில் பிற்காலத்தில் தென்னாட்டு எழுத்தர்கள் பலர் வாடகைக்குக் குடியேறினர்.

முதல் உலகப்போர்க் காலத்தில் வாடகை ஏறவே, 1918இல் அதனைக் கட்டுப்படுத்தும் தற்காலிகச் சட்டம் பிறந்தது. இரண்டாம் போர் மூண்டபோது கட்டுப்பாடு மீண்டும் வந்தது. பிரிவினையால் வீடிழந்த சிந்து மக்களும் நகரில் வந்து குவிந்த 1947ஆம் ஆண்டில், விரிவான வாடகைச் சட்டம் இயற்றப்பட்டது. 1940 செப்டம்பர் 1ஆம் தேதி ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுவே நியாய வாடகை என வகுக்கப்பட்டது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. ஏழை எளியவர் தெருவில் நிற்கலாகாது என்ற அந்நோக்கம் உயர்ந்ததே.

ஆயினும், அரிசி விலையும் சிமெண்டு விலையும் ஏற, வாடகை மட்டும் அசையாது நின்றது. ஏட்டில் ஏறாத தொகை மறைமுகமாகக் கைமாறலாயிற்று. அதற்குப் ‘பகடி’ என்று பெயர். தமிழில் பகடி என்றால் கேலி; அங்கோ அது தலைப்பாகை. புதிதாகக் குடிபுகுபவர் பெருந்தொகை ஒன்றை முன்னதாகக் கொடுத்துவிட்டு, பின்னர்ச் சொற்ப வாடகை செலுத்துவார். அவர் வெளியேறும்போது வேறொருவரிடம் பகடி பெற்று, வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு அளிப்பார். அன்றைய சட்டப்படி இது குற்றமாக இருந்தது. ஆகவே பெரும்பாலும் ரசீது இருந்ததில்லை. உள்ளே இருந்தவரைச் சட்டம் காத்தது; புதிதாக வீடு தேடி வந்தவரே அதன் விலையைக் கொடுத்தார்.

மற்றொரு தீங்கும் விளைந்தது. கிடைக்கும் வாடகை பழுது பார்க்கவும் போதாது என்றார் வீட்டுக்காரர். சுவர் தமதன்று என்றார் குடியிருப்பவர். இருவருக்குமிடையே மழையில் ஊறிய பழங்கட்டடங்கள் இடிந்து உயிர்களைப் பலிகொண்டன. 1969இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தனி வரி விதித்து அக்கட்டடங்களைச் செப்பனிட ஒரு வாரியம் அமைக்கப்பட்டது.

காலப்போக்கில் அந்த வாடகை நிர்ணயம் நியாயமற்றதாகிவிட்டது என உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் கூறிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு அது இடமளித்தது, பகடியையும் சட்டபூர்வமாக்கியது.

வீட்டுக்காரர் அனைவரும் பேராசைக்காரர் அல்லர்; குடியிருப்போர் அனைவரும் வஞ்சகரும் அல்லர். இக்கட்டான காலத்துக்கென வகுத்த ஏற்பாட்டை, காலம் மாறிய பின்னும் மாற்றாமல் விட்டதே பிழை. வீடற்றவரைக் காக்கச் சட்டம் வேண்டும். அச்சட்டம், இனி வீடு தேடி வரப்போகிறவரையும் நினைவிற் கொள்ளவேண்டும் என்பதே பம்பாய் நமக்குக் கற்பிக்கும் பாடம்.