பயிற்றுமொழியும் வர்க்கமும்: கர்நாடக வழக்குகளை முன்வைத்து

கல்வி பற்றிய மார்க்சியப் பார்வை ஒற்றைத் தன்மையது என்பதுபோல் எழுதுவது வழக்கமாகிவிட்டது. மார்க்சிடமே இருவேறு அழுத்தங்கள் உண்டு. 1848இன் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிகளில் இலவசக் கல்வி வேண்டும் எனக் கோரியது. 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தைத் திறனாய்ந்தபோதோ, பள்ளிக்கு நிதி அளிப்பதும் ஆசிரியர் தகுதியைச் சட்டத்தால் வரையறுப்பதும் வேறு, அரசையே மக்களின் ஆசானாக்குவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இவ்வேறுபாடு மொழிச் சிக்கலில் எவ்வாறு உருக்கொள்கிறது என்பதைப் பெங்களூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்குகள் காட்டுகின்றன.

வி. கி. கோகாக் தலைமையிலான குழு 1981இல் அளித்த அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல்மொழியாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நடிகர் ராஜ்குமார் முன்னின்ற கிளர்ச்சியை அடுத்து 1982இல் அரசாணை பிறந்தது. மொழிச் சிறுபான்மையினர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 1989இல் அதனை ஏற்க மறுத்தது. அதன்பின் பூசல் தொடக்கப் பள்ளிக்கு இடம்பெயர்ந்தது. முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னடமே பயிற்றுமொழி என்றது 1994ஆம் ஆண்டு ஆணை. கன்னடவழிக்கு ஏற்பிசைவு பெற்று ஆங்கிலவழியில் நடத்திய தனியார் பள்ளிகள் பல. கட்டணம் செலுத்த வல்லாருக்கு ஆணை தடையாகவில்லை. 2014 மே 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் ஆயம், குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவு செய்வர் என்றும், தொடக்கக் கல்வியின் பயிற்றுமொழியைத் தெரிவு செய்வது கருத்துரிமையின்பாற்படும் என்றும் தீர்ப்பளித்தது. தாய்மொழி என்னும் சொல் இவ்வாறு மொழியியலாரின் கையை விட்டு நீங்கிற்று!

தீர்ப்பின் மொழி உரிமையின் மொழி. தெரிவு செய்யப் பொருள் இல்லாதவரின் நிலை அதில் புலப்படுவதில்லை. பள்ளியே இன்றைய சமூகத்தின் தலையாய கருத்தியல் எந்திரம் என்ற அல்தூசரின் 1970ஆம் ஆண்டுக் கருத்து இங்கு ஓரளவே துணைசெய்கிறது. பள்ளி வர்க்க ஏற்றத்தாழ்வை மறுஉற்பத்தி செய்கிறது என்று அது விளக்கும். எம்மொழி வாயிலாக என்று வினவுவதில்லை. அவ்வினாவை எழுப்பியவர் தூரின் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ பார்த்தோலியிடம் மொழியியல் பயின்ற கிராம்சி. (அவரது கலைச்சொல்லைத் தமிழில் 'மேலாண்மை' எனப் பெயர்த்தவர்கள், அதே சொல் நிருவாகத் துறைக்குப் போய்ச் சேரும் என எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.) 1923இல் ஜென்டீலே கொணர்ந்த கல்விச் சீர்திருத்தம் பள்ளியில் விதிமுறை இலக்கணத்திற்கு இடமளிக்காததை, 1935இல் சிறையில் எழுதிய குறிப்புகளில் அவர் கண்டித்தார். பள்ளி கற்பிக்காததால் இலக்கணம் மறைந்துவிடுவதில்லை. வசதி படைத்தோர் பிள்ளைகள் அதை வீட்டிலேயே பெற்றுவிடுவர், ஏழையர் பிள்ளைகளே விலக்கப்படுவர் என்பது அவர் வாதம். 'இலக்கணம்' என்னுமிடத்தில் 'ஆங்கிலம்' என வைத்துப் படித்தால் 1994க்குப் பிந்தைய பெங்களூர் தெரியும்.

ஆலைத்தொழிலை நாடியும் பாளையப் பகுதியிலும் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்களுக்குச் சிக்கல் இருமடங்கு. ஆணை அவர்தம் தாய்மொழியை ஏற்றது. ஆயினும் அவர்கள் பிழைப்புக்குக் கன்னடமும் ஏற்றத்திற்கு ஆங்கிலமும் தேவைப்பட்டன. 2019இல் கர்நாடக அரசு ஏறத்தாழ 1000 அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியபோது கன்னட எழுத்தாளர் பலர் எதிர்த்தனர். தலித் அமைப்புகள் சில வரவேற்றன. இவ்வரவேற்பை மொழிப்பற்றின்மை எனக் கொள்வது பொருந்தாது.

அதே கிராம்சி 1927இல் தம் தங்கை தெரெசீனாவுக்கு எழுதிய மடலில், குழந்தையைச் சார்தீனிய மொழியில் பேசவிடுமாறு வற்புறுத்தினார் என்பதையும் மறத்தலாகாது. அவர் பார்வையில் வீட்டுமொழியும் அதிகார மொழியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கர்நாடக வழக்குகளோ எது முதல்மொழி, எது பயிற்றுமொழி, தெரிவு யாருடையது என்பவற்றையே சுற்றி வந்தன. ஏழைப் பிள்ளைக்கு இரண்டாம் மொழியை எத்தகைய ஆசிரியர், எவ்வளவு நேரம், எம்முறையில் கற்பிக்கிறார் என்பது அவற்றில் மைய வினாவாக எழவே இல்லை.