பாடி ஓ ஷே

பாடி ஓ ஷே (16 மே 1955 – 15 டிசம்பர் 2012): அயர்லாந்தின் கேலிக் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர், பயிற்றுநர். தென்மேற்கே டிங்கிள் தீபகற்பத்தில், ஐரிஷ் மொழி வழங்கும் வென்ட்ரி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிலகாலம் காவல்துறையில் பணியாற்றியபின், சொந்த ஊரில் மதுவிடுதி நடத்தினார்.

ஆட்டமுறை: கேலிக் கால்பந்தில் அணிக்கு 15 பேர், கையும் காலும் பயன்படும். ஓ ஷே ஆடிய காலத்தில், பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் புகுந்தால் கோல், அதாவது மூன்று புள்ளிகள். ஆட்டக்காரர்களுக்கு ஊதியம் கிடையாது. பின்களத்தவர் ஒவ்வொருவரும் எதிரணி முன்களத்தவர் ஒருவரைத் தம் பொறுப்பில் கொண்டு விடாது தொடர்வது அக்கால வழக்கம். ஆகவே தடுப்பாட்டக்காரரின் திறனுக்கு, அவர் விட்டுக்கொடுத்த புள்ளிகளே அளவுகோல். மாவட்ட அணிகளுக்கான அனைத்து அயர்லாந்துப் போட்டியில் ஓ ஷே ஆடிய பத்து இறுதி ஆட்டங்களிலும் சேர்த்து, அவர் பொறுப்பில் இருந்த எதிரணியினர் எடுத்தது ஒரே புள்ளி என்பர்.

ஆட்ட வாழ்க்கை: மிக் ஓ டுவையர் பயிற்றுவித்த, சொந்த மாவட்டமான கெரியின் அணியில், பின்களத்தின் முன்வரிசையில் ஆடத் தொடங்கி, பின்னர் கோலை ஒட்டிய மூலைக்கு மாறினார். 1975, 1978, 1979, 1980, 1981, 1984, 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் அனைத்து அயர்லாந்துக் கோப்பை வென்றார். எட்டுப் பதக்கங்கள் பெற்ற கெரி வீரர் ஐவருள் இவர் ஒருவர். 1979 இறுதி ஆட்டத்தில் நடுவரால் வெளியேற்றப்பட்டார். எஞ்சிய 14 பேருடனேயே கெரி டப்ளினை வென்றது. 1982இல் ஆஃபலி அணியின் ஷேமஸ் டார்பி கடைசி நிமிடங்களில் அடித்த கோல், தொடர்ந்து ஐந்தாம் கோப்பை என்ற கனவைக் கலைத்தது. கெரியில் உள்ளூர்ப் போட்டியில் வென்ற அணியே அடுத்த ஆண்டு மாவட்ட அணிக்குத் தலைவரைத் தருவது அக்கால வழக்கம். 1984இல் மேற்குக் கெரி வென்றதால், 1985இல் ஓ ஷே தலைவரானார். டப்ளினை 2-12 – 2-8 (கோல்-புள்ளி) எனத் தோற்கடித்துக் கோப்பையைப் பெற்றார். 1981 முதல் 1985 வரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் விருதைத் தொடர்ந்து ஐந்து முறை பெற்றார். அந்த அணியின் கடுமைக்கு இவரே உருவம்.

பயிற்றுநர்: 1997இல் மேயோவை வென்று கெரியின் பதினோராண்டு வறட்சியைப் போக்கினார், 2000இலும் கோப்பை வென்றார். 2004இல் வெஸ்ட்மீத் அணிக்கு முதல் லென்ஸ்டர் மாகாணப் பட்டம் பெற்றுத் தந்தார். அன்று தோற்ற லீஷ் அணியின் பயிற்றுநர், இவருடைய பழைய ஆசான் ஓ டுவையர்.

அண்ணன் மகன்கள் டாரா, டோமாஸ், மார்க் மூவரும் கெரிக்கு ஆடியவர்கள். இவர் பெயரில் கழகங்களுக்கான போட்டி ஒன்று மேற்குக் கெரியில் நடைபெறுகிறது.