காத்தோங் சுவர்களும் முட்டைச் சுண்ணாம்பும்

தென்னந்தோப்புகளோடு கடலைப் பார்த்திருந்த சிங்கப்பூரின் காத்தோங், 1966இல் தொடங்கிய நிலமீட்புக்குப்பின் கரையைவிட்டு உள்ளே தள்ளிப்போயிற்று. ஆயினும் கூன் செங் சாலையின் வண்ண வரிசை வீடுகளைக் காணும்போது பழைய சுண்ணாம்புக் கொத்தர்களின் ஞாபகம் வராமற் போகாது.

அவ்வித்தையின் பூர்வீகம் நம் சென்னை. 1856இல் ஆரம்பித்து இந்தியக் கைதிகளின் பிரயாசையால் எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துப் பூசி, உலர்ந்தபின் உருண்டைக் கல்லால் மினுங்கும்வரை தேய்த்தார்கள் என்று, கைதிகளின் அதிகாரியாயிருந்த மக்நாயர் 1899இல் வெளிவந்த நூலில் விவரிக்கிறார். கைதியின் தட்டுக்கு வராத முட்டை சுவருக்கு வாய்த்தது போலும்!

பிறகு கான்கிரீட்டின் யுகம். ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற எபாக்ஸிப் பசையை வெளியிட்டது. கான்கிரீட்டில் விரிசல் விட்டால், அதைச் சுத்தம் செய்து, நெடுகச் சிறு குழாய்களைப் பதித்து, வெளிவாயை அடைத்துவிட்டு, கீழ்க்குழாயில் செலுத்திய பசை மேற்குழாயில் எட்டிப் பார்த்ததும் அடுத்ததற்கு ஏறுவார்கள். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் இத்தனையும் வியர்த்தமே.

சுண்ணாம்புச் சுவரோ ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் ஸ்வபாவமுடையது. எபாக்ஸி அதன் மூச்சை அடைத்துவிடும். ஆகையால், பழைய வீடு வைத்திருக்கும் அன்பர்கள் பசை டப்பாவைத் திறக்குமுன், பூச்சை ஓர் ஓரத்தில் சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.