குருத்தோலையும் குழந்தைகளும்

போரூரிலிருந்து பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஐயப்பன்தாங்கலின் பெயரில் ஒரு நீர்நிலை ஒளிந்திருக்கிறது. 'தாங்கல்' என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரியைக் குறிக்கும் பழஞ்சொல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் முதலிய பெயர்களிலும் அச்சொல் வழங்கக் காண்கிறோம். தொண்டை நாட்டில் ஏரி உள்ள இடத்தில் கரை உண்டு. கரை உள்ள இடத்தில் பனை உண்டு. கரையின் மண்ணைப் பனையின் வேர்கள் இறுகப் பற்றிக் காக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்றோ அச்சாலையின் இருமருங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். நடுவே மெட்ரோ இரயிலுக்கான தூண்கள். இங்கு வளரும் குழந்தைகள் பனையை நாள்தோறும் காண்பதில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை பனையின் குருத்தோ தென்னையின் குருத்தோ அவர்களுடைய கைக்கு வந்து சேர்கிறது. அந்நாளே குருத்து ஞாயிறு.

இத்திருநாள் மார்ச்சு 15-க்கும் ஏப்ரல் 18-க்கும் இடையே வரும். தமிழ்க் கணக்கில் அது பங்குனி, அல்லது சித்திரையின் தொடக்கம். வேம்பு பூக்கும் இளவேனிற்காலம் அது. பள்ளித் தேர்வுகளின் அச்சம் ஒருபுறமும் கோடை விடுமுறையின் ஆவல் மறுபுறமுமாகச் சிறுவர் தவித்திருக்கும் காலமும் அதுவே. பவனி முடிந்து ஆலயத்தினுள் அமர்ந்தவுடன் அவர்களுடைய விரல்கள் சும்மா இருப்பதில்லை. ஓலை நறுக்கு கைக்கடிகாரமாகிறது, மோதிரமாகிறது, கிளியாகிறது, பாம்பாகிறது. சற்றே துணிந்தவன் அதைச் சுருட்டி ஊதலாக்கிப் பாடுகளின் வாசகத்தின் நடுவே ஊதியும் விடுகிறான்.

ஒன்றை இங்கு ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன். குருத்துவ வாழ்வின் முதற்பல ஆண்டுகள் நான் இதைப் பொறுத்துக்கொண்டதில்லை. மந்திரித்த ஓலை விளையாட்டுப் பொருளன்று என்று பீடத்தில் நின்றே கடிந்திருக்கிறேன். பெற்றோர் தம் பிள்ளைகளின் கையிலிருந்து ஓலையைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டதையும், பிள்ளைகள் தலைகுனிந்ததையும் கண்டு, ஒழுங்கை நிலைநாட்டிவிட்டதாக நிறைவுற்றிருக்கிறேன். திருச்சபையின் வரலாற்றைச் சற்று நிதானமாகத் திரும்பிப் படித்தபோதுதான் அந்நிறைவு கலைந்தது.

நற்செய்தியாளர் நால்வரும் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைந்ததைக் கூறுகின்றனர். ஆனால் அவர்களுடைய கூற்றுகளிடையே நாம் பொதுவாகக் கவனியாத வேறுபாடுகள் உண்டு. மத்தேயு மரக்கிளைகள் என்கிறார். மாற்கு வயல்வெளிகளில் வெட்டப்பட்ட இலைதழைகளைக் குறிப்பிடுகிறார். லூக்காவில் வழியில் விரிக்கப்பட்ட ஆடைகள் உண்டு, கிளைகளே இல்லை. குருத்தோலையை நமக்குத் தருபவர் யோவான் ஒருவரே. அவர் குறிப்பிடுவது அந்நாட்டுப் பேரீச்சையின் ஓலை. யூத மக்களுக்கு அது மகிழ்ச்சியின் அடையாளம். வெற்றியின் அடையாளமும் ஆகும். கூடாரத் திருவிழாவில் பேரீச்சங்கிளைகளை ஏந்தி மகிழுமாறு லேவியர் நூல் பணிக்கிறது. கி.மு. 141-இல் சீமோன் எருசலேமின் கோட்டையை மீட்டு உட்புகுந்தபோது மக்கள் இவ்வோலைகளை ஏந்திச் சென்றதை மக்கபேயர் முதல் நூலில் வாசிக்கிறோம்.

குழந்தைகள் எங்கே? மத்தேயு மட்டுமே அவர்களைக் குறிப்பிடுகிறார். அதுவும் பவனி செல்லும் வழியில் அன்று. ஆண்டவர் கோவிலுக்குள் சென்றபின் அங்கே சிறுபிள்ளைகள் 'ஓசன்னா' என்று ஆர்ப்பரித்தனர். தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் சினமுற்றனர். ஆண்டவரோ எட்டாம் திருப்பாடலைச் சான்றுகாட்டி அப்பிள்ளைகளின் பக்கம் நின்றார். கோவிலில் குழந்தைகள் எழுப்பிய ஓசைக்காகச் சினந்தவர் யார் என்பதை எண்ணியபோது, பீடத்தில் நின்று கடிந்த என் குரல் என் செவியிலேயே மீண்டும் ஒலித்தது.

கோவிலில் இருந்த அப்பிள்ளைகளைப் பவனியின் வழிக்கு அழைத்து வந்தது திருச்சபையின் மரபு. இதற்கான மிகப் பழைய சான்றை எஜேரியா என்னும் பெண்மணியின் பயணக்குறிப்பில் காண்கிறோம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 381 முதல் 384 வரையிலான ஆண்டுகளில், அவர் திருநாட்டில் திருப்பயணம் மேற்கொண்டார். அவருடைய குறிப்பின் பெரும்பகுதியைத் தாங்கிய கையெழுத்துப்படி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. அன்று பிற்பகல் எருசலேம் மக்கள் அனைவரும் ஒலிவ மலையில் கூடுகின்றனர். பாடல்களிலும் வாசகங்களிலும் நேரம் செல்கிறது. மாலை நெருங்கும்போது, கிளைகளோடு ஆண்டவரை எதிர்கொண்ட குழந்தைகளைப் பற்றிய நற்செய்திப் பகுதி வாசிக்கப்படுகிறது. உடனே ஆயரும் மக்களும் எழுந்து மலையிலிருந்து நகரை நோக்கி நடக்கின்றனர். அவ்வூர்க் குழந்தைகள் அனைவரும் உடன் செல்கின்றனர். நடக்க இயலாத மழலையரைப் பெற்றோர் தோளில் சுமந்து வருகின்றனர். எல்லார் கையிலும் பேரீச்சையோ ஒலிவமோ இருக்கிறது. மக்கள் களைத்துவிடாதபடி பவனி மெல்ல மெல்ல நகர்ந்து, பொழுது சாய்ந்தபின் ஆலயத்தை அடைகிறது.

நாம் அறிந்த அளவில் குருத்து ஞாயிற்றுப் பவனியின் மிகத் தொன்மையான வருணனை இதுவே. அதில் குழந்தைகள் தற்செயலாக வந்து சேர்ந்தவர் அல்லர். அவர்களைப் பற்றிய வாசகமே பவனியைத் தொடங்கி வைக்கிறது. தகப்பனின் தோளில் அமர்ந்த மழலையின் கையில் ஓலையைக் கொடுத்துவிட்டு, அதை ஆட்டாதே என்று எருசலேமில் எவரும் சொல்லியிருக்க முடியுமா?

இவ்வழக்கம் மெல்ல மேற்கிற்கும் பரவியது. 821-இல் மறைந்த ஓர்லியான் நகர் ஆயர் தியோடல்ஃப் இயற்றிய பவனிப் பாடலில் சிறாரின் குரல் நினைவுகூரப்படுகிறது. பனையினம் வளராத குளிர்நாடுகளில் இளவேனிலில் முதலில் அரும்பும் மரக்கிளைகளை மக்கள் ஏந்தினர். ஸ்பெயின் நாட்டின் எல்ச்சே நகரிலோ பேரீச்சையின் இளவோலைகளை மரத்திலேயே சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் வெளுக்கவைத்து, பின்னர் நுண்ணிய பின்னல் வேலைகள் செய்கின்றனர். இத்துணை முயன்று அவர்கள் பெறும் வெண்மை நம் குருத்தோலைக்கு இயல்பாகவே வாய்த்தது. இன்னும் விரியாத ஓலைக்குள் வெளிச்சம் புகுவதில்லை; ஆதலின் அது பசுமை கொள்வதில்லை. ஈரமும் இளமையும் மாறாத அந்த ஓலை, மடித்தாலும் எளிதில் முறிவதில்லை.

காலப்போக்கில் ஓலைகளை ஆசீர்வதிக்கும் சடங்கு நீண்ட செபங்களோடு விரிந்து, பவனி சுருங்கியது. திருத்தந்தை 12-ஆம் பத்திநாதரின் காலத்தில், 1955-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வெளியான ஆணை புனித வார வழிபாட்டைச் சீர்திருத்தியது. ஆசீர் சுருக்கப்பெற்றது; கிறிஸ்து அரசரைப் போற்றும் பவனி முதலிடம் பெற்றது. 1956-ஆம் ஆண்டு மார்ச்சு 25 அன்று இப்புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1988-இல் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் விடுத்த சுற்றுமடல், ஓலைகள் பவனியில் ஏந்துவதற்காகவே ஆசீர்வதிக்கப்படுகின்றன என்றும், அவற்றை இல்லத்திற்கு எடுத்துச் சென்று கிறிஸ்துவின் வெற்றியை நினைவூட்டும் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. ஆலயத்தில் தொடங்கும் இவ்விழா வீட்டில் தொடர வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

வீட்டில் தொடர்வது எவ்வாறு என்பதை நம் அண்டையவரான கேரளச் சீரிய மரபுக் கிறித்தவரிடம் காணலாம். குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய நாளை அவர்கள் 'கொழுக்கட்டைச் சனி' என்கின்றனர். அன்று தேங்காயும் வெல்லமும் உள்ளிட்ட கொழுக்கட்டையை வீட்டார் கூடிச் செய்கின்றனர். மறுநாள் கொண்டுவரும் ஓலையில் சிலுவை செய்து, பெரிய வியாழன் மாலையில் பாஸ்கா அப்பத்தின்மீது வைக்கின்றனர். குடும்பத் தலைவர் செபித்து அப்பத்தைப் பிட்டு அனைவருக்கும் பகிர்கிறார். குழந்தைக்கு அதைவிடச் சிறந்த மறைக்கல்வி நூல் வேண்டுமோ?

தமிழருக்கும் ஓலைக்கும் உள்ள உறவோ மிகப் பழையது. புறத்தே வயிரம் உடையவற்றைப் 'புல்' என வகுத்த தொல்காப்பியம், அவற்றின் உறுப்புகளாக ஓலை, மடல், தோடு, ஏடு முதலியவற்றைத் தனியே எண்ணிக் கூறுகிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியபின் ஓலையில் எழுத்தாணி பிடித்தனர். அதே ஓலையே அவர்களுக்குக் கிலுகிலுப்பையாயிற்று. முள்ளில் செருகிய காற்றாடியாயிற்று. கோடையில் நுங்கு தின்றபின் எஞ்சும் கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்து வண்டியாக்கித் தெருவெல்லாம் உருட்டினர். கற்பதற்கும் விளையாடுவதற்கும் ஒரே மரம் போதுமானதாயிருந்தது.

குழந்தைகள் வழியாக விசுவாசம் வீட்டுக்குள் நுழைந்த வரலாறும் நம் மண்ணிலேயே உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் தம் பணிமுறையை விவரிக்கிறார். மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் கற்பித்ததையும், கற்றதைத் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு அவர்களைப் பணித்ததையும் அதில் காண்கிறோம். நோயுற்றோர் அழைத்தபோது தம்மால் செல்ல இயலாத இடங்களுக்குச் சிறுவரையே செபிக்க அனுப்பினார். அக்கடற்கரையைச் சேர்ந்த மணப்பாட்டில் பெண்கள் பனையோலையால் முடையும் பெட்டிகளும் தட்டுகளும் இன்றும் பெயர்பெற்றவை. செபமும் ஓலைத்தொழிலும் அங்கே தாயிடமிருந்து பிள்ளைக்கு ஒரே திண்ணையில் கைமாறி வந்திருக்கின்றன.

இனி, நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். போரூரின் கணினி அலுவலகங்களிலும் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைக்கும் பெற்றோருக்குச் சனிக்கிழமையும் ஓய்வுநாள் என்று சொல்வதற்கில்லை. ஆயத்தமாக மடித்த ஓலைச் சிலுவையை வாங்குவது எளிது. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கத் துணிகிறேன். அந்த ஞாயிறன்று வீடு திரும்பியபின் அரைமணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமருங்கள். ஓலையின் ஈர்க்கை உரித்தெடுங்கள். இரு நறுக்குகளைக் குறுக்காக வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, நுனியை மடிப்புக்குள் செருகுங்கள். ஆணியும் பசையும் இன்றியே சிலுவை உருவாகும். மடிக்கும்போதே கழுதைக்குட்டியைப் பற்றியும், அதன்மேல் வந்த அரசரைப் பற்றியும், அன்று ஆர்ப்பரித்த ஊரே ஐந்து நாளில் வேறுவிதமாகக் கூவியதைப் பற்றியும் சொல்லுங்கள். கை வேலை செய்யும்போது குழந்தையின் செவி திறந்திருக்கும். மடிக்கத் தெரியவில்லையெனில் பாட்டியிடம் கேளுங்கள். அவர்களும் மறைந்தபின் கேட்பதற்கு ஆளிருக்காது.

மரத்தையும் நினைவிற்கொள்வோம். பனைக்கும் தென்னைக்கும் உச்சியில் வளரும் முனை ஒன்றே. அது அழிந்தால் மரமே பட்டுப்போகும். ஆகவே தேவைக்குமேல் குருத்து வெட்டுவது தகாது. ஒருவர்க்கு ஓர் ஓலை போதும். பனை நம் மாநில மரம். அதை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. எஞ்சியுள்ள ஏரிக்கரைகளில் பிள்ளைகளோடு பனங்கொட்டை ஊன்றுவதும் நல்லதொரு குடும்ப விழாவே. கொட்டை முளைத்துப் பயன்தரும் மரமாவதற்கு ஆண்டுகள் பலவாகும். ஊன்றிய பிள்ளையே அதன் குருத்தைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று, பழைய ஓலைகளைச் சாம்பலாக்குவதற்காகச் சேகரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுச் சுவரிலும் படங்களின் பின்னும் ஓராண்டு இருந்து காய்ந்த சிலுவைகள் கூடையில் குவிந்தன. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கையை மூடிக்கொண்டு தயங்கி நின்றாள். விரித்துக் காட்டினாள். உள்ளே நிறம் மங்கிய ஓர் ஓலைக்கிளி. "ஃபாதர், இது சிலுவை இல்லையே. இதையும் போடலாமா?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை அதை மறைக்க முயன்றார். அவர்தாம் அதைச் செய்துகொடுத்தவர் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பழைய கண்டிப்பு ஒரு நொடி என் நாவில் எழுந்ததை மறுக்கமாட்டேன்.

"போடலாம் அம்மா" என்றேன்.

சிலுவைகளோடு அக்கிளியும் எரிந்தது. புதனன்று பங்குமக்களின் நெற்றியில் பூசிய சாம்பலில் எது சிலுவை, எது கிளி என்று என்னால் பிரித்தறிய இயலவில்லை. அவ்வாண்டு குருத்து ஞாயிறன்று பாடுகளின் வாசகத்தின் இடையே எங்கோ ஓர் ஓலை ஊதல் ஒலித்தது. நான் தலைநிமிராமல் வாசகத்தைத் தொடர்ந்தேன்.