கல்லச்சில் ஒரு செங்கோணம்

கட்டடக் கலைஞனின் கோடு பெரும்பாலும் கொத்தனார் கையைச் சென்றடைவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. கட்டடம் எழுந்தபின் வரைபடத்தைத் தேடுவார் இல்லை. ஆயினும் எந்தக் கட்டடத்திற்கும் வரைபடமாகாத கோடுகளைக் கவிதையோடு இணைத்துத் தனிக் கலைப்படைப்பாகவே அச்சேற்றினார் லெ கொர்பூசியே. ‘செங்கோணக் கவிதை’ என்னும் பொருள்தரும் தலைப்புடைய அப்பிரெஞ்சு நூலைத் தேரியாத் என்னும் பதிப்பாளர் 1955இல் பாரிசில் வெளியிட்டார்.

கடிகாரத் தொழிலுக்குப் பேர்பெற்ற சுவிட்சர்லாந்து நகரொன்றில் 1887இல் பிறந்த அவர் இளமையில் பயின்றது, கடிகாரக் கூடுகளில் செதுக்கும் கலையே. கட்டடக் கலைஞராகப் புகழுற்ற பின்னும் காலைப் பொழுதை ஓவியத்திற்கென ஒதுக்கிவைத்தார். 1947 முதல் 1953 வரை உருப்பெற்ற இந்நூல் மூர்லோ அச்சகத்தில் கல்லச்சாக அச்சிடப்பட்டது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நீரால் நனைத்தால், மை வரைந்த இடத்தில் மட்டுமே பற்றும். எனவே கையின் அழுத்தமும் நடுக்கமும் அப்படியே தாளுக்கு வந்துசேரும். கவிதை வரிகளையும் அவர் ஈயவெழுத்தில் கோக்க விடவில்லை. தம் கையெழுத்திலேயே அச்சேற்றினார். நம் சித்திரகவியில் எழுத்து ஓவியத்தின் கட்டத்துள் அடங்கி நிற்கும். இங்கே சொல்லும் சித்திரமும் ஒரே கையின் ஓட்டமாக அருகருகே செல்கின்றன.

கீழைக் கிறித்தவக் கோயில்களில் பலிபீடத்தை மறைத்து நிற்கும் படத்தட்டியின் பெயரையே கொர்பூசியே தம் நூலமைப்புக்குச் சூட்டினார். ஏழு வரிசைகள்; அவற்றில் முறையே ஐந்து, மூன்று, ஐந்து, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று எனப் பத்தொன்பது வண்ணப் படங்கள். சூழலில் தொடங்கி, அறிவு, உடல், கலப்பு எனச் சென்று, ஆறாம் வரிசையில் திறந்த கையையும் ஏழாவதில் செங்கோணத்தையும் அடைகிறது. கிடந்த கடலும் நின்ற மனிதனும் சேர்ந்து ஆக்கும் கோணம் அது. இது தாளால் எழுப்பிய கட்டடம் என்றால் மிகையன்று.

அக்கட்டடத்தை இடிப்பதும் எளிதாயிற்று. விற்பனைக்கு வந்த படிகள் 250. அவையும் தைக்கப்படாத தனித்தாள்கள். ஆகவே ஒரு படத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சட்டமிட்டு விற்கவும் சேகரிக்கவும் வழி ஏற்பட்டது. அழகிய தாளொன்றை விரும்பி வாங்குவோரைக் குறைகூற இயலாது. ஆனால் திறந்த கையை மட்டும் சுவரில் மாட்டுபவருக்குக் கிட்டுவது அந்தாதியின் நடுவிலிருந்து உருவிய ஒரு பாடல்தான். முந்தைய ஐந்து வரிசைகளைக் கடந்து வந்த கை என்பது அங்கே புலனாகாது.

அக்கைக்கு வேறொரு வரலாறும் உண்டு. சண்டிகர் நகரமைப்புப் பணியை ஏற்ற கொர்பூசியே, அங்கே அதைப் பெருஞ்சின்னமாக நிறுவ விரும்பினார், நேருவுக்கும் எழுதினார். 1965இல் அவர் மறைந்தபோது அது எழும்பியிருக்கவில்லை. 1985இல்தான், அச்சேறி முப்பதாண்டுகள் கழித்து, 26 மீட்டர் உயரத்தில் உலோகக் கையாக நின்றது. தாளில் அசையாதிருந்த கை அங்கே காற்றின் போக்கிற்கேற்பத் திரும்புகிறது.